எலும்பு எப்ப வைப்பாங்க அக்கா?

போன வாரம் பொரளையில், சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் எங்கள் முறை வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஹட்டன் பக்கமிருந்து விடியமுன்னமே பஸ் எடுத்து வந்த ஒரு தாய். மடியில் 7 வயது மகள். பிள்ளையின் காலுக்கு வெளியே இரும்புச் சட்டம். அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் மகன் பத்து மாதம் அதே மாதிரிச் சட்டத்தோடு இருந்தவன்.

“ஒட்ட வைக்கத்தான் வந்தோம். இருந்த எலும்பையும் வெட்டி எடுத்துட்டாங்க. படத்துல பார்த்தா நடுவுல ஒண்ணுமே இல்ல. எலும்பு எப்ப வைப்பாங்க அக்கா?”

இதே கேள்வியை நான் எத்தனை டொக்டர்களிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் மகனின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சீழ் பிடித்து ஒட்டாமல் போன முறிவில் ஏன் முதலில் எலும்பை வெட்டி எடுக்கிறார்கள், திரும்ப வைக்க ஏன் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று அந்தத் தங்கச்சிக்குச் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பல தாய்மார் இந்த நேரத்தில் ஏதோ ஒரு வாட்டில் இருப்பார்கள்.

என் மகனுக்கு அப்போது 9 வயது. ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊரில் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சைக்கிளில் கடைக்குப் போனவனை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் இடித்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எலும்பின் நுனியில் சேறு. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

முதலில் கொண்டு போன ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். அன்றிரவு புண்ணைக் கழுவினார்கள், இறுக்கித் தைத்தார்கள். சில நாள் கழித்துப் பிளேட் வைத்து ஸ்க்ரூ இறுக்கினார்கள். சேறு பட்ட திறந்த முறிவுக்கு அன்டிபயோட்டிக் முடிந்தால் முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே போகவேண்டும், தாராளமாகக் கழுவிச் செத்த சதையை வெட்டி நீக்கவேண்டும், அப்படியான புண்ணை உடனே மூடித் தைக்காமல் இரண்டு நாளில் திரும்பத் திறந்து பார்க்கவேண்டும் என்பதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிய வந்தவை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். தையல் ஓரம் சிவந்து, வீங்கி, ஒரு காலையில் உடைந்தது. குளிசை கொடுத்தார்கள், மூடிக்கொண்டது. மூன்று வாரத்தில் திரும்ப உடைந்தது. மூடும், உடையும். கடைசியில் கணைக்காலில் ஒரு கடுகளவு துளை நிரந்தரமாக நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் கோஸ் துணியில் மஞ்சளாய் ஒரு வட்டம். மணத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பக்கத்தில் யாராவது வந்தால் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வான்.

“புரையோடிப்போன இனப்பிரச்சினை” என்று நம்முடைய பத்திரிகைகளில் எத்தனை தரம் வாசித்திருப்போம். புரை என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அந்தத் துளையைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு கடுகு. உள்ளே எலும்புவரை ஒரு சுரங்கம். மேல்வாயை மூடினால் உள்ளே பெருகும்.

பிள்ளைகளின் எலும்பு ஒட்டாமல் போவது அபூர்வம். அதுதான் எங்களை ஏமாற்றியது. வளரும் எலும்பைச் சுற்றி இருக்கிற உறை தடிப்பானது, இரத்த ஓட்டம் நிறைந்தது, புது எலும்பை உண்டாக்குவதே அதன் வேலை. பச்சைப் பூவரசந்தடியை முறித்தால் பட்டை பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படித்தான். அதனால் “சின்னப் பிள்ளைதானே, தானா ஒட்டும்” என்று எல்லோரும் சொன்னார்கள். சாதாரண முறிவென்றால் சொன்னது சரி. ஆனால் திறந்த முறிவில் அந்த உறை கிழிந்துபோகும். கிழிந்த இடத்தில் எலும்புத் துண்டுக்கு இரத்தம் வராது. இரத்தம் வராத துண்டு செத்துப்போகும். அதற்கு மேல் கிருமி வந்து குந்தினால் வயது ஒன்பதாக இருந்தாலும் ஒட்டாது.

மூன்றாம் மாதம் மாமி பிடிவாதமாக நின்றார். ஊரில் பேர் எடுத்த முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரிடம் கொண்டு போனோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டை அவிழ்த்து, துளையைப் பார்த்து, மணந்து பார்த்தார். எண்ணெயைத் தொடவே இல்லை. “இது புக்கை கட்டுற முறிவில்லைப் பிள்ளை. உள்ளுக்கை எலும்பு செத்துப்போச்சு. பிந்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்றார். காசு வாங்கவில்லை. எல்லா வைத்தியரும் அப்படிச் சொல்வார்களா என்று தெரியாது. எங்களுக்கு வாய்த்தவர் சொன்னார்.

அப்படித்தான் ஜனவரியில், எங்கள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து, பொரளைக்கு வந்து சேர்ந்தோம்.

வந்த முதல் நாளே டொக்டர் சொன்னது, குடித்துக்கொண்டிருக்கும் அன்டிபயோட்டிக்கை நிறுத்துங்கள் என்று. எனக்குத் தலை சுற்றியது. சீழ் வடிகிற பிள்ளைக்கு மருந்தை நிறுத்துவதா? அவர் மட்டக்களப்புக்காரர், எங்கள் நல்ல காலம், தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். உள்ளே எந்தக் கிருமி என்று தெரியவேண்டும். மேலே வடிகிற சீழைத் துடைத்து அனுப்பினால் தோலில் இருக்கிற ஏதோ ஒன்றுதான் வளரும். தியேட்டரில் எலும்பின் அடியிலிருந்து ஐந்தாறு இடத்தில் துண்டு எடுத்து அனுப்பவேண்டும். அரைகுறையாக மருந்து ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டில் கிருமி முளைக்காது, உண்மை மறைந்துபோகும். காய்ச்சல் அடித்துப் பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது வேறு கதை, உடனே மருந்து போடுவார்கள். எங்கள் பிள்ளைக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம் என்றார். பொறுத்தோம். அந்த இரண்டு வாரமும் நான் மணிக்கொருதரம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வளர்ந்தது ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கிற அதே கிருமி.

“ஐந்து மாதம் குளிசை குடித்தவன், ஏன் டொக்டர் போகவில்லை?” என்று கேட்டேன். “உங்கட ஊர்க் கிணத்துக் கட்டிலை பாசி பார்த்திருப்பீங்கதானே அம்மா?” என்றார். கிருமி உலோகத்திலும் செத்த எலும்பிலும் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொள்கிறது. எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் பாசி போகாது, சுரண்டவேண்டும். மருந்து இரத்தத்தில்தான் வருகிறது. செத்த எலும்புக்குள் இரத்தமே இல்லை. பிறகு மருந்து எந்த வழியால் போகும்?

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற எலும்பைவிட ஒரு துண்டு கூடுதல் வெள்ளையாக இருந்தது. நல்ல பலமான துண்டாக்கும் என்று நான் நினைத்தேன். அதுதான் செத்த துண்டு.

பெப்ரவரியில் சத்திரசிகிச்சை. பிளேட்டைக் கழற்றினார்கள். செத்த எலும்பை, வெட்டுகிற முகத்தில் புள்ளி புள்ளியாக இரத்தம் கசியும்வரை, இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். இரத்தம் கசிந்தால் உயிருள்ள எலும்பு. கசியாவிட்டால் இன்னும் வெட்டவேண்டும். ஒரு கோடு மாதிரி இருந்த முறிவு 4 சென்றிமீற்றர் இடைவெளியாகிவிட்டது. அதற்குள் அன்டிபயோட்டிக் தூள் கலந்த சீமெந்து. மூட்டு மாற்றுகிறவர்களுக்குப் பயன்படுத்துகிற அதே சீமெந்துதான், பிசைந்து வைத்தால் இறுகும்போது சுடும், அதனால் உப்புநீர் ஊற்றி ஊற்றிக் குளிர வைப்பார்கள். காலுக்கு வெளியே சட்டம், மேலே மூன்று, கீழே மூன்று, மொத்தம் ஆறு கம்பி எலும்புக்குள்.

படத்தைப் பார்த்து என் கணவர் வெடித்துவிட்டார். “ஒட்டச் சொன்னால் சீமெந்து வைக்கிறியளோ? எலும்பை இப்பவே வைச்சால் என்ன?” வாட்டே திரும்பிப் பார்த்தது. டொக்டர் கோபப்படவில்லை. ஒரு ஃபோமின் பின்பக்கத்தைத் திருப்பி இடுப்பு எலும்பை வரைந்தார்.

அந்தப் படம் இன்னும் என் கொப்பிக்குள் இருக்கிறது. வைக்கிற எலும்பு பிள்ளையின் இடுப்பிலிருந்துதான் வரவேண்டும். பெரியவர்களின் இடுப்பில் தாராளமாக எடுக்கலாம். பிள்ளையின் இடுப்பு சின்னது, அதிலும் மேல் விளிம்பு இன்னும் குருத்தெலும்பு, அங்கேதான் இடுப்பு வளர்கிறது. அதைக் கெடுக்காமல் ஒரு மூடியைப் போலத் தூக்கி, உள்ளே இருக்கிற மெதுவான எலும்பை மட்டும் கரண்டியால் வழித்தெடுத்து, மூடியைத் திரும்ப வைத்துத் தைக்கவேண்டும். கிடைப்பது கொஞ்சம். சீழ் இருக்கிற இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட்டால் அதுவும் செத்து, கிருமிக்கு இன்னொரு வீடாகிவிடும். “இருக்கிறதே கொஞ்சம். வீணாக்கிப்போட்டு எங்கே போறது ஐயா?” என்றார். என் கணவர் அதற்குப் பிறகு பேசவில்லை. மாலையில் போய் டொக்டருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு பழைய கதை. கிளாஸ்கோவில் வில்லியம் மக்யூவன் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். 1879ஆம் ஆண்டு அவரிடம் நாலு வயதுச் சிறுவன் ஒருவன். கிருமித் தொற்றினால் மேற்கை எலும்பின் பெரும்பகுதி போய், கை துணியைப் போலத் தொங்கியது. அந்தக் காலத்தில் எலும்பு மெதுவாகிப்போகிற கணை நோயினால் (ரிக்கெட்ஸ்) கால் வளைந்த பிள்ளைகளுக்கு எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி நேராக்குவார்கள். வெட்டி எடுத்த அந்தத் துண்டுகளை மக்யூவன் சிறிது சிறிதாக நறுக்கி, இந்தச் சிறுவனின் கையில் வைத்தார். ஒரே தடவையில் இல்லை, மூன்று தடவையாக. ஒட்டியது. அந்தப் பிள்ளை வளர்ந்து தச்சு வேலை செய்தான். ஒரு மனிதரின் எலும்பு இன்னொருவரின் உடம்பில் பிடித்த முதல் வெற்றி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல், அதற்கு ஏறத்தாழ 50 ஆண்டு முன்னே இது நடந்திருக்கிறது. முதன்முதலாக இன்னொருவரின் எலும்பு வைத்து ஒட்டிய அந்தப் பிள்ளையும் என் பிள்ளையைப் போலச் சீழ் பிடித்த பிள்ளை. இரவு இரண்டு மணிக்கு வாட்டின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அதை வாசித்தபோது அழுதேன். இன்னொன்றையும் கவனித்தேன். எலும்பு போன உடனே மக்யூவன் வைக்கவில்லை. தொற்று அடங்கி, ஏறத்தாழ 15 மாதம் கழித்துத்தான் வைத்திருக்கிறார்.

அந்தச் சீமெந்துக்கும் ஒரு கதை உண்டு. பிரான்சில் அலான் மஸ்கலே என்ற நிபுணர் 1980களில் இடைவெளி தூர்ந்து போகாமல் இருப்பதற்காக மட்டுமே சீமெந்து வைத்தார். பிறகு எடுக்கப் போனபோது அதைச் சுற்றி உடம்பு தானாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டியிருந்தது. இரத்த நாளங்கள் நிறைந்த உறை, எலும்பு வளரத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிற உறை. கிழிந்துபோன உறைக்குப் பதிலாக உடம்பே புதிதாக ஒன்று நெய்து கொடுக்கிறது. அதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்க்கிற எங்களுக்கு அது சும்மா படுத்திருக்கிற எட்டு வாரம்.

சும்மா படுத்திருக்கவும் இல்லை. ஆறு வாரம் ஊசி வழியாக மருந்து. கெனுலா போட்ட நரம்பு வீங்கினால் மற்றக் கை, பிறகு திரும்ப இந்தக் கை. ஒவ்வொரு நாளும் ஆறு கம்பித் துளையையும் துப்புரவாக்கவேண்டும். கொதித்து ஆறிய உப்புநீர், துளைக்கு ஒரு கோஸ், ஒரு துளையில் பட்டது மற்றதில் படக்கூடாது. கம்பியைச் சுற்றிக் காய்ந்திருக்கும் அயறை ஈரமாக்கி, இளக வைத்து, மெதுவாக எடுக்கவேண்டும். முதல் நாள் நேர்ஸ் மிஸ் செய்யும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் வாரம் என் கையாலேயே செய்தேன். மகன் எண்ணுவான், ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது துளைதான் நோகும், நாலு வந்ததும் என் தோளைக் கடிப்பான். கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்: காய்ச்சல் எவ்வளவு, எந்தத் துளை சிவப்பு, எத்தனை முட்டை சாப்பிட்டான்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. சொந்தக்காரர் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார்கள். அம்மம்மா ஊரிலிருந்து பிரண்டை அனுப்பினார், துவையல் அரைத்துக் கொடு, எலும்பு ஒட்டும் என்று. பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துச் சிங்களத் தாய் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு கடைச் சிங்களம்தான். என் டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்து “ஹீரெஸ்ஸ!” என்று சிரித்தார். அவருடைய டப்பாவிலும் அதே தண்டுதான், தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக. இரண்டு பேரும் மாற்றிச் சாப்பிட்டோம். டொக்டர் தடுக்கவில்லை. ஆனால் முட்டை, மீன், பருப்பு, பால் குறையக்கூடாது, இரத்தம் குறைவாக இருந்தால் எலும்பு வளராது என்று இரும்புச்சத்துக் குளிசையும் எழுதித் தந்தார். சொந்தக்காரர் கேட்ட இன்னொரு கேள்வி, புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்ன செய்யப் போகிறாய் என்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதானே. நான் அந்த வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடி அவனுக்கு விருப்பமானதை மட்டும் படித்தான்.

உடம்பில் தொற்று இருந்தால் ஏறுகிற சீஆர்பி என்ற அளவு இரத்தப் பரிசோதனையில் இறங்கி, துளை மூடி, ஏப்ரல் கடைசியில் அந்த நாள் வந்தது. எலும்பு வைக்கிற நாள். அத்தனை மாதம் காத்திருந்த சத்திரசிகிச்சை மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. உறையை நீளமாகத் திறந்து, சீமெந்தை உடைத்து எடுத்து, இடுப்பிலிருந்து வழித்த எலும்பை உள்ளே நிரப்பி, தலையணை உறையைத் தைக்கிற மாதிரி மூடினார்களாம். வழித்த எலும்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன். சிவப்பில் நனைத்த பாண் துகள் மாதிரி என்றார் டொக்டர்.

அந்தத் துகள்தான் நிரந்தரமாகக் காலில் நிற்கப்போகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதிலிருக்கிற உயிரணுக்கள் கொஞ்சம் பிழைத்துப் புது எலும்பு போடத் தொடங்கும். மற்றது புடலங்கொடிக்குப் போட்ட பந்தல். இரத்த நாளங்கள் அதில் படர்ந்து ஏறும், பின்னாலேயே உடம்பு பழைய துகளை அரித்து அரித்துப் புது எலும்பை வைக்கும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை அது.

மயக்கம் தெளிந்ததும் மகன் சொன்னது: “கால் நோகேல்லை அம்மா. இடுப்புத்தான் நோகுது.” எடுத்த இடம் வைத்த இடத்தைவிட நோகும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவனை ஆயத்தப்படுத்தியிருப்பேன். உங்கள் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் வாரப் படத்தில் இடைவெளிக்குள் ஒரு புகை மாதிரி. பத்தாம் வாரம் பஞ்சு மாதிரி. பிறகு மெல்ல மெல்ல விளிம்பு தெரிந்தது. நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், இரண்டிலும் சேர்த்து நாலு விளிம்பு. அதில் மூன்று பாலம் போட்டிருந்தால் ஒட்டிவிட்டது என்று எடுப்பார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டரின் பேனை அந்த நாலு விளிம்பிலும் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். செப்டெம்பரில் பேனை இரண்டில் நின்றது. டிசம்பரில் மூன்று. சட்டத்தைக் கழற்றி ஆறு வாரம் பிளாஸ்டர் போட்டார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஒரே வழிதான் என்று இல்லை. சிலருக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய எலும்பை நகர்த்திப் பெரிய எலும்பின் இடத்தில் பொருத்துகிறார்கள், 1905ஆம் ஆண்டே செய்திருக்கிறார்கள். இடைவெளி பெரிதென்றால் சைபீரியாவில் இலிசரோவ் கண்டுபிடித்த வழி, எலும்பை வேறிடத்தில் வெட்டி நாளுக்கு 1 மில்லிமீற்றர் வீதம் இழுத்து வளர்ப்பது. சிலருக்கு வைத்தது கரைந்துபோய்த் திரும்ப வைக்கவேண்டி வருகிறது. எங்கள் வாட்டிலேயே ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. ஆனால் எந்த வழியென்றாலும் முதலில் செத்ததை எடுக்கவேண்டும், சீழ் அடங்கவேண்டும். இடைவெளி பெரிதானதைப் பார்த்து மனமுடைந்து, பாதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

போன வாரக் கிளினிக்கில் உள்ளே போனதும் மகனை நிற்க வைத்து, வலது பாதத்தின் கீழே மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். டொக்டர் இரண்டு பெருவிரலையும் இடுப்பில் வைத்து மட்டம் பார்த்தார். ஒரு சென்றிமீற்றர்ப் பலகையில் மட்டமானது. இவ்வளவுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை, ஆனால் வளர்ந்து முடியும்வரை வருடத்துக்கு ஒருதரம் அளக்கவேண்டும் என்று அடுத்த திகதி எழுதித் தந்தார். மகனுக்கு இப்போது 12 வயது.

வெளியே வந்தால் அந்தச் சின்னப்பெண் இன்னும் வாங்கில்தான் இருந்தாள். அவளுடைய அம்மா கிளினிக் கொப்பியைக் காட்டப் போயிருந்தார். இவன் கேட்காமலே பக்கத்தில் குந்தி, காற்சட்டையைச் சுருட்டிக் காலை நீட்டினான். அவள் விரலால் தழும்பைத் தொட்டாள். பிறகு கம்பி இருந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“எனக்கும் ஆறு” என்றாள்.